ஆதுலர் சாலை: சத்திரம் மருத்துவமனையான வரலாறு

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரம் என்னும் நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் திருப்புட்குழி வரும். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய இவ்வூரின் பெயரைப் புள் என்றும் குழி என்றும் பிரித்துப் பொருள் கொள்வர். இராவணனால் சிறகறுபட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பது தலவரலாறு. விசயராகவப் பெருமாள் சடாயுவைத் தம் மடியில் ஏந்திய கோலத்தில் இங்கு வீற்றிருக்கிறார். திருக்குளத்தின் பெயரும் சடாயு தீர்த்தமே. மகப்பேறு வேண்டும் பெண்டிர் அக்குளத்தில் நீராடி, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு துயில்வதும், விடியலில் அப்பயறு முளைத்திருந்தால் மரகதவல்லித் தாயார் அருளினாள் என்று மகிழ்வதும் இவ்வூரில் வழங்கிவரும் நம்பிக்கை.

இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்ட ஊர் என்று குருபரம்பரை நூல்கள் கூறுவதால், திருப்புட்குழியைக் கல்வியோடு இணைத்துப் பேசுவோரே மிகுதி. ஆயின் அதன் தலவரலாற்றில் நிற்பவை இரண்டு: கேட்பாரற்றுக் கிடந்த ஓர் உயிருக்குச் செய்த இறுதிக்கடன், பிள்ளைப்பேறு. இவ்விரண்டும் இக்காலத்தில் மருத்துவமனையின் சுவர்களுக்குள் நிகழ்பவை. ஊருக்குச் செல்லும் வழியில் பேருந்து நடத்துநர் உரக்கக் கூவும் நிறுத்தத்தின் பெயரிலோ ஒரு சத்திரம் இருக்கிறது. அப்பெயரைக் கேட்டு இறங்குவோர் அச்சத்திரத்தை நினைப்பதில்லை. வழிப்போக்கர் தங்குவதற்கென எழுந்த சத்திரத்துக்கும் நோயாளர் கிடப்பதற்கென எழுந்த மருத்துவமனைக்கும் உள்ள உறவு, தமிழ்நாட்டு வரலாற்றில் உரிய அளவு பேசப்படாத ஒன்றாகும்.

அவ்வுறவை முதற்கண் காட்டுவது ஒரு சொல். ஆதுலர் என்னும் சொல்லுக்கு அகராதிகள் இரு பொருள் தரும். ஒன்று நோயாளர், மற்றொன்று வறியவர். வடமொழி ஆதுர என்பதன் திரிபாகிய இச்சொல், மூலத்தில் நோயுற்றவனையே குறித்தது. தமிழில் வந்து வழங்கிய பின்னரே அதற்கு வறுமைப் பொருளும் சேர்ந்தது. நோயுற்றவனுக்கும் இல்லாதவனுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று இம்மொழி பேசியோருக்குத் தோன்றவில்லை போலும். ஆகவே ஆதுலர் சாலை என்பதை மருத்துவமனை என்றும் கொள்ளலாம். ஏழையர் விடுதி என்றும் கொள்ளலாம். எதனைக் குறிக்கிறது என்று இடம் நோக்கியே துணிய வேண்டும். பல இடங்களில் துணியவும் இயலாது.

காஞ்சி காமாட்சியம்மை இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது இந்நகர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அவ்வறங்களின் பட்டியலில் ஆதுலர் சாலை முன்னிற்கும். அதனோடு சேர்த்து எண்ணப்படுபவற்றைக் கூர்ந்து நோக்கினால் வியப்பு உண்டாகும். நோய் மருந்து, கண் மருந்து, மகப்பெறுவித்தல், மகவு வளர்த்தல், மகப்பால் வார்த்தல், நாவிதர், வண்ணார், தலைக்கு எண்ணெய், சிறைச்சோறு, அறவைச் சோறு, அறவைப் பிணஞ்சுடல் ஆகிய யாவும் அப்பட்டியலில் உள்ளன. அறவை என்றால் துணையற்ற நிலை. துணையற்றவனுக்குச் சோறிடுதலும், அவன் இறந்தால் அவனைச் சுடுதலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட அறங்கள். திருப்புட்குழியில் இராமன் செய்ததாகச் சொல்லப்படுவது அறவைப் பிணஞ்சுடலே. மரகதவல்லித் தாயாரிடம் வேண்டப்படுவது மகப்பெறுவித்தலே. பட்டியலை வகுத்தோர் உணவை ஒரு துறையாகவும் மருத்துவத்தை மற்றொரு துறையாகவும் பிரித்து வைக்கவில்லை. பசி, நோய், பேறு, அழுக்கு, சாவு ஆகிய யாவும் ஓர் உடம்பினுக்கு நேர்பவை என்ற அளவில் அவை ஒன்றாக எண்ணப்பட்டன.

இப்பட்டியல் வெறும் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கல்லில் சான்று உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், சோழ மன்னன் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1068ஐ ஒட்டி, ஒரு நெடுங்கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல்லும் காசும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆதுலர் சாலைக்கு வீரசோழன் என்று பெயர். அதில் நோயுற்றுக் கிடப்பார் 15 பேர். அவர்களுக்கு நாள்தோறும் அரிசி. மருத்துவர் ஒருவர், கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்னும் அவர் பெயரும் கல்லில் உள்ளது. சல்லியக் கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவர் ஒருவர். மூலிகை பறிக்கவும் விறகு கொணரவும் இருவர். மருந்திட்டுப் பேணும் பெண்டிர் இருவர். நாவிதர் ஒருவர். நீர் கொணர்வார் ஒருவர். இரவில் எரிய ஒரு விளக்கு. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது வகை மருந்துகளின் பெயரும் அளவும் அடுத்து வருகின்றன. தைலம், கிருதம், அரீதகிக் கூட்டு, இலவணம் என அவை விரிகின்றன.

மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லே. கத்தியைப் பிடித்தவனைவிட நாடி பார்த்தவன் மும்மடங்கு பெற்ற காலம் அது. இக்காலத்து நிலையோடு இதனை ஒப்பிட்டுப் புன்னகை செய்யலாம். ஆயினும் இக்கல்வெட்டில் ஆழ்ந்து நோக்க வேண்டியது வேறு. ஆதுலர் சாலையைப் பற்றிய பகுதி ஆட்களை எண்ணுகிறது, நெல்லை அளக்கிறது, மருந்தை நிறுக்கிறது, விளக்குக்கு எண்ணெய் ஒதுக்குகிறது. கட்டடத்தைப் பற்றி அது கவலை கொள்வதாகத் தெரியவில்லை. மண்டபம் ஏற்கெனவே இருந்தது, கோயிலுக்குரியது. வேதம் ஓதுவோர் உண்ட அதே கோயிலின் நிழலில் நோயாளரும் கிடந்தனர். நோயாளர் கிடக்க இடம் ஒன்று போதும். மருத்துவமனையை மருத்துவமனையாக்குவது ஆண்டுதோறும் தவறாமல் வரும் நெல் என்பதே அக்கல்வெட்டை எழுதுவித்தோரின் எண்ணமாக இருந்திருக்கக் கூடும். நெல் நின்றபோது சாலையும் நின்றது. மண்டபமும் எழுத்தும் எஞ்சின.

ஒரு கட்டடத்தின் பயனை மாற்றுவது பற்றிய மிகப் பழைய தமிழ்ச் செய்தியும் பசியோடு பிணைந்ததுதான். மணிமேகலையின் 19ஆம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்னும் பெயருடையது. புகார் நகரச் சிறையுள் புகுந்து, அங்குப் பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியிலிருந்து உணவூட்டிய மணிமேகலையை அழைத்து, வேண்டுவது யாதென மன்னன் வினவுகிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்கிறாள் அவள். அவ்வாறே ஆகிறது. அக்காப்பியத் தலைவி பின்னர்க் காஞ்சி நகர் புகுந்து, மழை பொய்த்து வற்கடத்தால் வருந்திய மக்களுக்குச் சோறிட்டாள் என்பதும் இவ்விடத்து நினையத்தகும். பொன்னும் பொருளும் கேட்டிருக்கக் கூடிய ஒருத்தி ஒரு கட்டடத்தைக் கேட்கிறாள். அதுவும் புதிய கட்டடத்தை அன்று. இடிக்கச் சொல்லவில்லை, எழுப்பவும் சொல்லவில்லை. உள்ளே நடப்பதை மாற்றச் சொல்கிறாள். கவிஞர்கள் இக்காதையின் தலைப்பில் உள்ள ஆக்கிய என்னும் வினையின்மேல் சற்றுத் தங்கிச் செல்லலாம்.

சத்திரங்களின் வரலாற்றுக்கு வருவோமாயின், அவை உண்டி உறையுளோடு நின்றவை அல்ல என்பதற்குத் தெளிவான சான்று தஞ்சை மராத்தியர் காலத்தில் கிடைக்கிறது. இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், தம் முன்னோர் இராமேசுவர வழியில் அமைத்த சத்திரங்கள் ஆற்றும் பணிகளை விரிவாக எடுத்துரைக்கிறார். வருவோர் எவராயினும் உணவு. நடக்க இயலாத நோயாளர் தேறும்வரை அங்கேயே தங்கலாம். நோய்க்கும் வீக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் மருந்தறிந்த மருத்துவர் உண்டு. வழியில் பேறுகாலம் எய்திய பெண்ணுக்கு ஏற்ற பேணுதல் உண்டு. இறந்தோர்க்கு அவரவர் சாதி வழக்கப்படி இறுதிக்கடன் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. சத்திரங்களின் வருவாயைக் கும்பெனி அரசு பறித்துவிடலாகாது என்று வாதாடும் நோக்கில் எழுதப்பட்ட கடிதமாதலின், அதில் சற்று உயர்வு நவிற்சி கலந்திருக்கலாம். அவ்வாறாயினும், ஒரு சத்திரம் எவ்வெவற்றைச் செய்ய வேண்டும் என்று அக்காலத்தார் எதிர்பார்த்தனர் என்பதற்கு அது ஐயமற்ற சான்று. காமாட்சியம்மையின் அறப்பட்டியலை அருகில் வைத்துப் படித்தால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு சிறிதே.

இத்தகைய ஒரு நிலையம் முழுமையான மருத்துவமனையாக மாறிய வரலாறு சென்னையில் நிகழ்ந்தது. அதன் தொடக்கமோ காஞ்சியின் வயல்களில் இருக்கிறது.

1780 சூலையில் ஐதர் அலியின் படைகள் கணவாய்களைக் கடந்து கருநாடகப் பகுதியுள் இறங்கின. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு பேசும் அதே புள்ளலூர் இது. காஞ்சியில் தங்கியிருந்த மன்றோ, உதவிக்குச் செல்லாமல், கனத்த பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். மறு ஆண்டு ஆகத்து 27ஆம் நாள் அதே ஊரில் மீண்டும் ஒரு போர். இரு தரப்புப் படைகளும் மாறி மாறி மிதித்த நிலத்தில் பயிர் நிற்கவில்லை. ஏரிகளைப் பேண ஆளில்லை. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள் வெறுமையாயின. உழவரும் நெசவாளரும் கோட்டையின் காவலை நம்பிச் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தனர். 1781, 1782 ஆகிய ஆண்டுகளின் பஞ்சம் இவ்வாறு மனிதர் விளைத்த பஞ்சம். அதனை வானத்தின்மேல் ஏற்றிச் சொல்ல இயலாது.

அவ்வாறு வந்து குவிந்தோருக்காகக் கறுப்பர் நகரத்தின் வடபால், மதிலுக்கு அப்பால், 1782இல் கஞ்சி ஊற்றப்பட்டது. கஞ்சி காய்ச்சி ஊற்றிய தொட்டிகளால் அவ்விடம் கஞ்சித்தொட்டி எனப்பட்டது. ஊர் மணியக்காரர் முன்னின்று நடத்தியதால் மணியக்காரர் சத்திரம் என்னும் பெயரும் ஏற்பட்டது என்பர். அச்சொல் ஆங்கிலேயர் நாவில் மானேகர் எனத் திரிந்து, அத்திரிபே ஆவணங்களில் நிலைத்துவிட்டது.

பட்டினியால் நலிந்தோர் கூடும் இடத்தில் நோய் கூடாதிருக்குமோ? கஞ்சிக்கு வந்தவரில் பலர் எழுந்து செல்ல இயலாதவராயினர். குடற்கழிச்சல், காய்ச்சல், புண் ஆகியவற்றோடு வந்தோரை உண்டபின் வெளியே அனுப்புவது எங்ஙனம்? சத்திரத்தில் ஒருவர் எத்தனை நாள் தங்கலாம் என்ற வழக்கமான வரையறை இங்கு உடைந்தது. நூற்றாண்டின் இறுதியில், 1799ஐ ஒட்டி, ஜான் அண்டர்வுட் என்னும் கும்பெனி மருத்துவர் இந்நாட்டு ஏழையருக்கென ஒரு மருத்துவ நிலையத்தை ஏற்படுத்தினார். அடுத்த பத்தாண்டுக்குள் அந்நிலையமும் மணியக்காரர் சத்திரமும் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. தொழுநோயாளர் விடுதியும் அங்கிருந்தது. சுதேசிகள் வைத்தியசாலை என்று கும்பெனி அதனை அழைத்தது. மக்கள் மட்டும் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே அழைத்தனர். மருத்துவர் வந்த பின்னும், மருந்து வந்த பின்னும், அவர்கள் கஞ்சியை அதன் பெயரிலிருந்து நீக்கவில்லை.

1910இல் அரசு அம்மருத்துவமனையைத் தன் பொறுப்பில் ஏற்றது. இராயபுரம் மருத்துவமனை என்ற பெயர் வழங்கியது. மருத்துவப் பள்ளி ஒன்றும் அங்கே வளர்ந்தது. 1929 முதல் 1934 வரை ஆளுநராக இருந்த சர் சார்சு பிரெடரிக் சுடான்லியின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. வடசென்னையின் உழைக்கும் மக்கள் இன்று நாடிச் செல்லும் சுடான்லி மருத்துவமனை அதுவே. ஆளுநர் ஒருவரின் பெயர் வாயிற்பலகையில் ஏறிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், இராயபுரத்து முதியோர் வாயில் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்ற பெயரே உலவிற்று. மருத்துவமனை அமைந்துள்ள தெருவுக்குப் பழைய சிறைச் சாலை என்று பெயர். அருகில் ஒரு காலத்தில் இருந்த சிறையால் வந்த பெயர் அது. மணிமேகலையின் 19ஆம் காதையை அறிந்தோர்க்கு இப்பொருத்தம் தற்செயலே ஆயினும் இனிக்கும்.

இவ்வரலாற்றில் வளர்ச்சி மட்டும் இல்லை. ஒரு பிரிவும் இருக்கிறது. அரசு மருத்துவமனை தனியே வளர்ந்தபோது, மணியக்காரர் சத்திரம் தனி அறநிலையமாகப் பிரிந்து நின்றது. ஆதரவற்ற முதியோர் இல்லமாக அது அதே தெருவில் தொடர்ந்து நடந்துவருகிறது. மருத்துவமனையின் பெருங்கட்டடங்களுக்கு அருகே அதனைத் தேடிக் காண்போர் சிலரே. ஆதுலர் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்த நோயாளரும் வறியவரும் இவ்வாறு இரண்டு வாயில்களுக்குப் பிரிந்தனர். ஒரு வாயிலில் நோய்ச்சீட்டு வேண்டும். மற்றொன்றில் முதுமையும் ஆதரவின்மையும் வேண்டும். நோயாளரென்று எழுதப்படாத, முதியரும் அல்லாத, வெறும் பசியோடு வருபவருக்கு 1782இல் இருந்த வாயில் இரண்டிலும் இல்லை.

இப்பிரிவு தமிழ்நாட்டுக்கே உரியது அன்று. பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனை, பெயர்ப்பொருளின்படியே ஒரு வெடியுப்புச் சாலை. பதினான்காம் லூயி மன்னன் 1656இல் அதனை ஏழைப் பெண்டிரை அடைக்கும் விடுதியாக மாற்றினான். பின்னரே அது நரம்பு நோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றது. விருந்தினன் என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றிலிருந்தே ஐரோப்பிய மொழிகளில் மருத்துவமனைக்கும் தங்கும் விடுதிக்கும் பெயர் பிறந்தது. விருந்தும் மருந்தும் நம் மொழியிலும் எதுகையால் இணைந்து பழமொழியில் வாழ்கின்றன. ஆங்கு அவை வேரினாலேயே இணைந்துள்ளன.

எனினும் எந்தக் கூரையும் போதும் என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. கிரிமியப் போரின்போது துருக்கியின் சுகுதாரியில் செலிமியே படைவீரர் குடியிருப்பை ஆங்கிலேயர் மருத்துவமனையாக்கினர். 1854 நவம்பரில் பிளாரன்சு நைட்டிங்கேல் 38 பெண்களுடன் அங்குச் சேர்ந்தார். உணவு சீரடைந்தது, துணிகள் தூய்மையாயின, இரவில் விளக்கேந்தி வலம் வந்தார். ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்பிரவரியில் நோயாளர் நூற்றுவரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டு நாறிக் கிடந்தன. நலமான வீரர் வாழக் கட்டிய கட்டடம், ஆயிரக்கணக்கான நோயாளரின் கழிவைத் தாங்கவில்லை. மார்ச்சில் வந்த துப்புரவு ஆணையக் குழுவினர் சாக்கடைகளைத் தோண்டித் தூய்மை செய்து, காற்றுக்கு வழி திறந்தனர். கோடைக்குள் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டாகச் சரிந்தது. நைட்டிங்கேல் பிற்காலத்தில் மருத்துவமனைக் கட்டடக் கலை பற்றி அவ்வளவு வற்புறுத்தி எழுதியதற்கு இவ்விரவல் வீடு கற்பித்த பாடமே காரணம். திருமுக்கூடலில் கிடந்தோர் 15 பேர், ஆற்றங்கரை மண்டபம், காற்று தடையின்றி வீசும். அங்குப் போதுமானது, ஆயிரவர் கிடக்கும் இடத்தில் போதாது.

அண்மைக் காலத்தில் தமிழகம் கண்ட பெருமாற்றம் ஓமந்தூரார் தோட்டத்தில் நிகழ்ந்தது. சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று செருமானியக் கட்டடக் கலைஞரின் வரைவில் எழுப்பப்பட்ட மாளிகையை 2010 மார்ச் 13ஆம் நாள் தலைமையமைச்சர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அன்று வட்ட மாடத்தின் பணி முடிந்திருக்கவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டாதரணி அமைத்த தற்காலிக மாடமே விழாவில் காட்சியளித்தது. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறிற்று. சட்டமன்றம் புனித சார்சு கோட்டைக்கே திரும்பியது. அவ்வாண்டு ஆகத்தில், அம்மாளிகை பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக்கப்படும் என முதலமைச்சர் செயலலிதா அறிவித்தார். வழக்குகள் நீதிமன்றம் ஏறின. 2014 பிப்பிரவரி 21ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. 2015இல் மருத்துவக் கல்லூரி ஒன்றும் அவ்வளாகத்தில் தொடங்கிற்று.

அம்மாற்றத்தின் அரசியலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது இரு தரப்பாராலும் வேண்டிய அளவு பேசப்பட்டுவிட்டது. வரலாற்று நோக்கில் கருதத்தக்கது அதன் வரிசைமுறை. கஞ்சித்தொட்டியில் முதலில் மக்கள் வந்தனர், பிறகு கஞ்சி, பிறகு மருத்துவர், கட்டடம் இறுதியில். ஓமந்தூரார் தோட்டத்தில் முதலில் கட்டடம் இருந்தது; நோயாளர் இறுதியில் வந்தனர். விவாதிப்பதற்கென வகுத்த கூடங்களிலும் அமைச்சர்க்கென வகுத்த அறைகளிலும் அறுவை அரங்கும் தீவிர மருத்துவப் பிரிவும் இடம்பெற வேண்டியிருந்தது. உயிர்வளிக் குழாய், தூய காற்று, கழிவு நீக்கம், படுக்கை திரும்பும் அகலத்தில் வாயில் என ஒவ்வொன்றும், இருக்கும் சுவரோடு வழக்காடிப் பெற வேண்டியது. அவ்வழக்கில் பொறியாளர் வென்றனர் என்றே சொல்ல வேண்டும். எளியோர் கட்டணமின்றி இதய அறுவைக்கும் நரம்பு மருத்துவத்துக்கும் அங்குச் செல்கின்றனர். ஆயின் அது தேர்ந்த நோய்களுக்கான நிலையம். பசித்தவன் படியேறும் இடமாக அது கருதப்படவில்லை, கருதப்படவும் இயலாது.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது இவ்வரிசைமுறை மீண்டும் தலைகீழாயிற்று. ஓமந்தூரார் மருத்துவமனை தொற்றாளருக்கென ஒதுக்கப்பட்டது. அது போதாமல் நந்தம்பாக்கம் வணிக மையமும் கல்லூரிகளும் நோயாளர் கிடக்கும் இடங்களாயின. தொடர்வண்டிப் பெட்டிகளிலும் படுக்கை விரிக்கப்பட்டது. மக்கள் முதலில் வந்தனர். கூரையைப் பின்னர்த் தேடினர். உயிர்வளியும் செவிலியரும் எங்குள்ளனரோ அதுவே மருத்துவமனை என்பதைத் திருமுக்கூடலின் கல்லைப் படியாதவரும் அவ்விரு ஆண்டுகளில் உணர்ந்தனர். இறந்தோரைச் சுட உற்றார் வரவியலாத நாள்களில், முன்பின் அறியாத தன்னார்வலர் பலர் அவ்வுடல்களைப் பெற்று எரித்தனர், புதைத்தனர். அறவைப் பிணஞ்சுடல் என்ற பழஞ்சொல்லுக்கு அகராதி தேவைப்படாத காலமாக அது இருந்தது.

பெருந்தொற்று ஓய்ந்தபின் கல்லூரிகள் கல்லூரிகளாயின. வணிக மையம் வணிக மையமாயிற்று. பழைய சத்திரத்தின் பணிகளில் மருத்துவமனை கைவிட்டவை மட்டும் அதன் முற்றத்தில் இன்னும் காத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை எதற்குள்ளும் முன்னிரவில் சென்று பார்க்கலாம். உள்ளே படுக்கையில் ஒருவர் கிடப்பார். அவரோடு ஊரிலிருந்து வந்த மனைவியோ மகனோ தாயோ மரத்தடியில், நடைபாதையில், பூட்டிய அலுவலக வாயிற்படியில் பாய் விரித்திருப்பர். அவர்கள் நோயாளரல்லர், ஆதலின் கணக்கில் வாரார். திருமுக்கூடலில் மாணவர்க்கும் நோயாளர்க்கும் சேர்த்தே நெல் அளக்கப்பட்டது. சரபோசியின் சத்திரத்தில் நோயாளருடன் வந்தவர் வழிப்போக்கர் என்ற முறையில் தாமாகவே சோறு பெற்றிருப்பர். மருத்துவமனை தனித்துப் பிரிந்த பின்னர் அவர்களுக்கு இடமில்லாது போயிற்று.

2013இல் சென்னை மாநகராட்சி மலிவு விலை அம்மா உணவகங்களைத் தொடங்கியது. அவை அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் இடம்பெற்றன. ஒரு ரூபாய்க்கு ஓர் இட்டலி. அங்கு வரிசையில் நிற்போருள் பெரும்பாலோர் நோயாளருடன் வந்தோரே. கஞ்சித்தொட்டி என்ற பெயரைத் தாங்கி வளர்ந்த சுடான்லி மருத்துவமனையும் அவ்வாறு உணவகம் பெற்ற இடங்களுள் ஒன்று.